மெல்ல மிதித்தால் இறங்கும் பெடல்

பட்டறைக்குப் புதிதாக வண்டி கொண்டுவருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர், அவளைப் பார்த்ததும் அவளுக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்ப்பார்கள். “மெக்கானிக் வெளிய போயிருக்காராம்மா?” என்பார்கள். அவள் கையில் ஸ்பேனர் இருக்கும். முழங்கை வரை கறுப்பு ஏறியிருக்கும். நெற்றி வியர்வையில் தூசி சேறாகியிருக்கும். அப்படியிருந்தும் கேட்பார்கள்.

“போகல. உங்க முன்னாடிதான் நிக்கிறாங்க.”

சிலர் அசடு வழிவார்கள். சிலர் அவசர வேலை இருப்பதாகச் சொல்லி வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். போனவர்களில் பாதிப் பேர், வேறு மூன்று இடங்களில் கழற்றி மாட்டியும் தீராத சத்தத்தோடு ஒரு மாதம் கழித்துத் திரும்பி வருவார்கள். அப்போது யாரும் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பதில்லை. அந்த வட்டாரத்தில் அவளுக்குப் பெயர் பிரேக் அக்கா.

அவள் இந்த வேலைக்கென்று படித்தவள் அல்ல. கல்யாணமாகி நாலாவது வருஷம், ஜாக்கி நழுவி வண்டி இறங்கியதில் கணவருக்கு வலது கையில் மூன்று விரல்கள் போயின. பட்டறை ஆறு வாரம் பூட்டிக் கிடந்தது. கணவர் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் காலையில் மாமியார்தான் பட்டறைச் சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

“நாலு வருஷமா அவனுக்குச் சாப்பாடு எடுத்துட்டுப் போறேன்னு போயி, அங்கயே ரெண்டு மணி நேரம் வாயப் பொளந்து பாத்துட்டு நின்னவதானே நீ? போ. அவன் வாயால சொல்லட்டும், நீ கையால செய்.”

“அத்தை, நாலு பேர் என்ன பேசுவாங்க?”

“அந்த நாலு பேர்ல ஒருத்தனாவது இங்க வந்து உலை வைக்கிறானா பாக்கிறேன். கிளம்புடி.”

அப்படித்தான் ஆரம்பித்தது. கணவர் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவள் வண்டிக்கு அடியில் படுத்துக் கழற்றினாள். முதல் வருஷம் எல்லா வேலையும் செய்தாள். இரண்டாம் வருஷத்திலேயே அவளுக்குப் பிரேக் பிடிபட்டுவிட்டது என்பது தெரிந்துவிட்டது. மற்றவர்கள் கழற்றிப் பார்த்துத் தெரிந்துகொள்வதை அவள் கழற்றுவதற்கு முன்பே சொல்வாள். ‘கீச்’ என்று கத்தினால் பேட் தேய்ந்திருக்கிறது. அது நல்ல பிள்ளை, அழுது சொல்லிவிடுகிறது. கரகரவென்று அரைத்தால், பேட் முழுதும் போய் இரும்பும் இரும்பும் மோதுகிறது; டிஸ்கும் சேர்ந்து போச்சு. பிரேக் போடும்போது ஸ்டியரிங் உதறினால் டிஸ்க் கோணியிருக்கிறது. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுச் சக்கரத்தின் பக்கம் கையைக் கொண்டுபோனாலே அனல் அடித்தால், எங்கோ பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கிறது.

பிரேக் குழாயிலிருந்து காற்றை எடுக்கும் வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்தடியில் காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். கணவர் உதிரி பாகம் வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்விட்டால் மாமியார்தான் மிதிப்பாள். எந்தக் காரானாலும் சரி, செருப்பைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, ஓட்டுநர் இருக்கையில் ராணி மாதிரி ஏறி உட்கார்ந்துவிடுவாள்.

“மிதிங்க அத்தை.”

“மிதிச்சாச்சு.”

“விட்ராதீங்க.”

“நான் எதைடி விட்டிருக்கேன், இதை விடறதுக்கு?”

வண்டிக்காரர்கள் வாய்விட்டுச் சிரிப்பார்கள். மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகிற வீட்டை அங்கேதான் பார்க்கலாம் என்று பக்கத்து டயர் கடைக்காரர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒத்துப்போகாதது வேறு ஒன்று. கணவரின் கை ஆறிவிட்டது. ஆனால் வருகிறவர்கள் “அக்கா இருக்காங்களா?” என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். பலகையில் இருந்தது அவர் பெயர். ஸ்டூலில் இருந்ததும் அவர்தான். வண்டி என்ன சத்தம் போடுகிறதென்று அவரிடம் சொல்ல ஆரம்பித்தவர்கள், அவள் வண்டிக்கடியிலிருந்து வெளியே வந்ததும் அவரைப் பாதியில் விட்டுவிட்டு அவளிடம் முதலிலிருந்து சொல்வார்கள். அவர் கையிலிருக்கும் துணியை எடுத்து ஏற்கெனவே துடைத்த ஸ்பேனரை மறுபடி துடைப்பார். அவள் அதைக் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. கவனித்தாள். ஆனால் அதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வேலையை வேண்டுமென்றே தப்பாகச் செய்யவா முடியும்?

கொழுந்தன் பள்ளிக்கூட வேன் ஓட்டினான். அவள் கல்யாணமாகி வந்தபோது அவன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். சொந்தமாக வேன் வாங்கி, ஒரு பள்ளிக்கூடத்தோடு ஒப்பந்தம் போட்டு, காலையும் மாலையும் பத்தொன்பது பிள்ளைகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளித் தனி வீடு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராகப் பட்டறைக்கு வந்தான்.

“அண்ணி, டேஷ்போர்டுல சிவப்பு பிரேக் லைட்டு ஒரு தடவை எரிஞ்சு அணைஞ்சுது. சும்மா ஒரு பார்வை பாத்துருங்க. மூணு மணிக்குப் பிள்ளைங்களை எடுக்கணும்.”

அவள் பார்த்தாள். பிரேக் ஆயில் குறையவில்லை. நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தாள். எங்கும் ஒரு சொட்டு ஈரம் இல்லை. குழாய்களை விரலால் தடவிப் பார்த்தாள், காய்ந்திருந்தன. பேட் நன்றாக இருந்தது. கொழுந்தன் டீயைக் குடித்துக்கொண்டே, “ஒண்ணும் இல்லைன்னுதான் நானும் நினைச்சேன்,” என்றான்.

அவள் உள்ளே ஏறி உட்கார்ந்து என்ஜினைப் போட்டாள். பெடலை மிதித்தாள். கெட்டியாக நின்றது. காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தாள், இந்தத் தடவை மெல்ல, சிக்னலில் நிற்கும்போது காலைச் சும்மா வைத்திருப்போமே, அந்த அளவுக்கு. சில நொடி ஒன்றும் ஆகவில்லை. பிறகு பெடல் அவள் காலடியிலேயே நழுவி, தூக்கத்தில் தலை சரிகிற மாதிரி இறங்கி, தரையைத் தொட்டது.

மறுபடி ஓங்கி மிதித்தாள். கெட்டியாக இருந்தது. மறுபடி மெல்ல. இந்தத் தடவை இறங்கவில்லை. பத்துத் தடவை செய்து பார்த்தாள். மூன்று தடவை இறங்கியது.

“தம்பி, வண்டி இங்கயே நிக்கட்டும்,” என்றாள்.

“எதுக்கு?”

“மிதிச்சா ஆயிலைத் தள்ளுமே, அந்த மாஸ்டர் சிலிண்டருக்குள்ள ரப்பர் தேஞ்சு போச்சு. ஆயில் வெளிய ஒழுகல, உள்ளுக்குள்ளயே பின்னாடி நழுவுது. அதான் எங்கயும் ஈரம் தெரியல. வேகமா மிதிச்சா ரப்பர் விரிஞ்சு பிடிச்சுக்குது, மெல்ல மிதிச்சா விட்டுடுது. புது சிலிண்டர் வரவழைக்க நாலு நாள் ஆகும். அது வரைக்கும் எடுக்காதே.”

“நாலு நாளா? பரீட்சை நடக்குது அண்ணி. ஒரு நாள் நிறுத்தினாலே அடுத்தவன் வேன் நுழைஞ்சிடும்.”

“உன் பள்ளிக்கூடத்துக்கு முன்னாடி எப்படிப்பட்ட இறக்கம்னு எனக்குத் தெரியாதா? கீழ நாலு ரோடு வந்து சேருது. அங்க நீ மெல்லத்தான் மிதிச்சிட்டு நிப்ப. அப்பப் பாத்து இது இறங்கிச்சுன்னா?”

அவன் ஏறி மிதித்தான். ஓட்டுநர் மிதிக்கிற மிதி, ஓங்கி. “எங்க இறங்குது?” என்றான். இன்னும் ஓங்கி மிதித்தான். “கல்லு மாதிரி இருக்கு!”

“மெல்ல மிதி.”

“யாரு அண்ணி மெல்ல பிரேக் போடுறா?”

சாப்பாட்டுத் தூக்கோடு வந்த மாமியாரை அவன் கூப்பிட்டான். “அம்மா, நீயும்தான் ஊரு வண்டி எல்லாத்தையும் மிதிச்சிருக்கியே, இதை மிதிச்சுச் சொல்லு.” மாமியார் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவளுக்குத் தெரிந்தது ஒரே மிதிதான்: அழுத்தி, விடாமல். இரண்டு தடவை மிதித்துவிட்டு மருமகளைப் பார்த்தாள்.

“நல்லாத்தானேடி இருக்கு?”

“கொஞ்சம் லேசா வச்சுப் பாருங்க அத்தை. லேசா.”

“லேசா வச்சா எப்படி நிக்கும்? அவன் பிழைப்பு இது. இல்லாததைச் சொல்லி நிறுத்தாதே.”

கடைசியாகக் கணவர் ஏறி உட்கார்ந்தார். அவர் அவசரப்படவில்லை. ஒரு நிமிஷத்துக்கு மேல் உள்ளேயே இருந்தார். அவர் காலை அவள் இருந்த இடத்திலிருந்து பார்க்க முடியவில்லை. முகத்தை மட்டும் பார்த்தாள். அது கண்ணாடிக்கு வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. இறங்கி வந்தார்.

“எனக்கு ஒண்ணும் தெரியல,” என்றார். “கெட்டியாத்தான் இருக்கு.”

அவள் சாவியைத் தன் வேலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். “யாருக்குத் தெரியாட்டியும் எனக்குத் தெரியுது. வண்டி வெளிய போகாது.” பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கை கழுவப் பின்பக்கம் போனாள். கறுப்பு போகச் சோப்புத்தூள் போட்டுத் தேய்க்க எப்படியும் ஐந்து நிமிஷம் ஆகும். அவள் திரும்பி வந்தபோது வேன் நின்ற இடத்தில் வெயில் விழுந்திருந்தது.

“சாவியை யார் கொடுத்தா?”

“அவன் வண்டி. அவன் சாவி,” என்றார் கணவர்.

அப்போது மணி இரண்டரை. அவள் போனை எடுத்தாள். வேனின் இரண்டு பக்கமும் பெரிதாக எழுதியிருந்த பள்ளிக்கூடத்து எண், பார்த்துப் பார்த்து அவளுக்கு மனப்பாடம். மாமியார் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். “வேண்டாண்டி. குடும்பத்துக்குள்ள பேசிக்கலாம்.” அவள் கையை உருவிக்கொண்டாள்.

“இன்னைக்கு அந்த வேன்ல பிள்ளைங்களை ஏத்தாதீங்க,” என்று பள்ளி அலுவலகத்துப் பெண்ணிடம் சொன்னாள். “பிரேக் சரியில்ல. நான் பிரேக் வேலை பாக்கறவ, இப்பத்தான் சோதிச்சேன்.”

“நீங்க டிரைவருக்கு என்ன வேணும்?”

“அண்ணி.”

அந்தப் பக்கத்தில் குடும்பச் சண்டை என்று நினைத்திருக்கக்கூடும். ஆனாலும் பத்தொன்பது பிள்ளைகள் விஷயம். நிறுத்திவிட்டார்கள். பெற்றோர்களுக்குப் போன் போட்டு, வந்து அழைத்துப்போகச் சொன்னார்கள். பள்ளிக்கூட வாசலில் காலி வேனுக்குப் பக்கத்தில் கொழுந்தன் நிற்க, ஒவ்வொரு பெற்றோராக அவனையும் வேனையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் பள்ளிக்கூடம் தங்களுக்கு வேண்டிய ஒரு மெக்கானிக்கை அனுப்பியது. அவர் இரண்டு தடவை ஓங்கி மிதித்தார். ஒழுகல் இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. ‘பிரேக் நல்ல நிலையில் உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். ஆனால் பெற்றோர்கள் அந்த வேனில் பிள்ளையை ஏற்ற ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு வாரத்தில் ஒப்பந்தம் வேறொருவருக்குப் போனது. ஆக, அந்தக் காகிதத்தின்படி வேனில் ஒரு குறையும் இல்லை. அண்ணிதான் இல்லாததைச் சொல்லிக் கொழுந்தன் பிழைப்பைக் கெடுத்தாள்.

கொழுந்தன் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்து பட்டறை வாசலில் நின்று படித்தான். எழுத்து எழுத்தாக, டயர் கடைக்காரருக்கும் கேட்கும்படி. “அண்ணின்னு நினைச்சேன்,” என்றான். அன்று சாயங்காலமே மாமியார் தன் துணிகளை ஒரு பையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“அத்தை, நீங்களுமா?”

“நான் மிதிச்சுப் பாத்தேன்டி,” என்றாள் மாமியார். “என் காலு பொய் சொல்லாது. உனக்கு எல்லாம் தெரியும்கிற திமிரு வந்துடுச்சு. அவன் வேலை இல்லாம உக்காந்திருக்கான், அவன் பக்கத்துல நான் இருக்கணும்.”

இரண்டு தெருதான் தூரம். ஆனால் போனவள் திரும்பிப் பார்க்கவில்லை. கடைவீதியில் மருமகள் எதிரே வந்தால் எதிர்வரிசைக்கு மாறி நடந்தாள். இவள் இரண்டு முறை வீடு தேடிப் போனாள். முதல் முறை ஓரகத்தி, அதாவது கொழுந்தன் மனைவி, கதவைத் திறந்து, “தூங்கறாங்க,” என்றாள். இரண்டாம் முறை கதவே திறக்கவில்லை. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது.

வேனை ஒரு மாதத்துக்குள் விற்றுவிட்டான். வாங்கியவர் ஒரு லாண்டரிக்காரர். விடுதிகளிலிருந்து அழுக்குத் துணி மூட்டைகளை எடுத்துப் போய்த் துவைத்துக் கொண்டுவந்து கொடுப்பவர். பழைய எழுத்தை அழித்து, வேனுக்கு நீலம் அடித்தார். அந்த நீல வேன் தினமும் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை பட்டறையைத் தாண்டிப் போகும். அவள் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு, அது தெருமுனையில் நின்று திரும்புகிற வரை பார்ப்பாள். ஒவ்வொரு தடவையும் அது ஒழுங்காக நின்றது.

இரண்டு முறை அதை மறித்துப் பேசலாம் என்று நினைத்தாள். கணவர், “இன்னும் ஒருத்தன் பிழைப்பு பாக்கி இருக்கா?” என்றார். அதற்கு மேல் அவளுக்குக் கால் எழவில்லை. அந்த லாண்டரிக்காரர் ஒருநாள் எதிலாவது மோதிவிடுவார் என்று பயந்தாள். மோதவேயில்லை என்பதால் தன்மேலேயே சந்தேகப்பட்டாள். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து வருஷங்கள் போயின. சொந்தக்காரர்கள் கூடும் இடத்தில், “அந்த வேன் இன்னும் ஓடுதாமே?” என்று யாராவது அவள் காதில் விழும்படி கேட்பார்கள். “ஜம்முனு ஓடுது,” என்று இன்னொருவர் பதில் சொல்வார். அவள் எழுந்து சமையல்கட்டுப் பக்கம் போவாள். தான் சொன்னது சரி என்று எதைக் காட்டுவது?

தொழிலிலும் நம்பிக்கை தளர்ந்த காலம் ஒன்று இருந்தது. சந்தேகமே இல்லாத வண்டியையும் மூன்று முறை சோதிப்பாள். “ஓட்டலாமா அக்கா?” என்று கேட்டால் உடனே பதில் வராது. அப்போதெல்லாம் கணவர் ஸ்டூலிலிருந்து, “தாராளமா ஓட்டுங்க சார்,” என்று சொல்லிவிடுவார். அந்த நாட்களில் அவர் குரலில் பழைய தெம்பு திரும்பியிருந்தது.

மாமியார் மூன்றாம் வருஷம் இறந்துபோனாள். நுரையீரலில் நீர் சேர்ந்து, பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். கணவர் தினமும் போய் வந்தார். “நானும் வரேன்,” என்று அவள் கேட்டபோதெல்லாம், “உன்னைப் பாத்தா மூச்சு வாங்கும், வேண்டாம்,” என்றார். கடைசியில் கொழுந்தன் வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தபோதுதான் பார்த்தாள். பக்கத்தில் போய் உட்கார இடம் விடாமல் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சுவரோரமாக நின்று, மூடியிருந்த போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு பாதங்களையும் பார்த்துவிட்டு வந்தாள்.

வேன் விற்று ஒன்பதாவது வருஷம், அந்த நீல வேன் பட்டறைக்குள் வந்து நின்றது.

லாண்டரிக்காரர் இறங்கினார். தலை நரைத்த, மெதுவாகப் பேசுகிற மனிதர். “நான் எப்பவும் காட்டுற மெக்கானிக் வெளியூர் போயிட்டாரு. இது கீச்சுகீச்சுனு கத்துதும்மா. நீங்க நல்லாப் பாப்பீங்கன்னு சொன்னாங்க.”

வெறும் பேட் தேய்மானம். அரை மணி நேர வேலை. பேட் மாற்றி முடித்தாள். ஆயில் அளவைப் பார்ப்பதற்கென்று முன்மூடியைத் திறந்தவள், அப்படியே நின்றுவிட்டாள். மாஸ்டர் சிலிண்டர் பழையது இல்லை. வேறு வார்ப்பு, வேறு மூடி. புதிதாகவும் இல்லை; மேலே படிந்திருந்த தூசியைப் பார்த்தால் பல வருஷம் ஓடியது.

“இதை எப்ப மாத்தினீங்க?”

“அதா? வாங்கின அன்னைக்கே. வித்தவரு நல்ல மனுஷன்மா. சாவியக் கொடுக்கும்போதே சொன்னாரு, ‘இது மெல்ல மிதிச்சா இறங்கும், சிலிண்டரை மாத்தாம ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீங்க’ன்னு. கயிறு கட்டி இழுத்துட்டுப் போய்த்தான் மாத்தினேன்.”

அவள் முன்மூடியை மெதுவாக இறக்கினாள். வண்டியை ஓட்டிப் பார்த்து, சாவியைக் கொடுத்து அனுப்பிவைத்தாள். கணவர் அப்போது கடைத்தெருவுக்குப் போயிருந்தார். அவள் கைகூடக் கழுவவில்லை. பட்டறையைத் திறந்தபடியே விட்டுவிட்டு இரண்டு தெரு நடந்தாள்.

கொழுந்தன் இப்போது ஒரு கம்பெனி அதிகாரிக்குக் கார் ஓட்டுகிறான். அன்று விடுமுறை, வீட்டிலிருந்தான். இத்தனை வருஷம் கழித்து வாசலில் நிற்கிறவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

“லாண்டரிக்காரர் வந்திருந்தாரு,” என்றாள்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. மறுக்கவில்லை. “விக்கிறதுக்கு முந்தின வாரம், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துல சும்மா கால வச்சிட்டு நின்னேன் அண்ணி. இறங்கிடுச்சு. முன்னாடி நின்ன சைக்கிள்ல போய் லேசா இடிச்சுது. யாருக்கும் ஒண்ணும் இல்ல.”

“முன்னபின்ன தெரியாத ஆளுக்குச் சொன்ன. எனக்குச் சொல்லல.”

“எப்படிச் சொல்றது? எல்லார் முன்னாடியும் வந்து காகிதம் படிச்சவன் நான். அப்புறம் நாள் ஆக ஆக…” என்று இழுத்தான். பிறகு, தான் மட்டும் தனியாக மாட்டிக்கொள்ள விருப்பமில்லாதவனாக, “அண்ணனுக்குத் தெரியும்,” என்றான்.

“நீ சொன்னியா?”

“நான் சொல்லல. அண்ணன்தான் அன்னைக்குச் சாவியக் கொடுக்கும்போது சொன்னாரு. ‘லேசா இறங்குது, ஓங்கி ஓங்கி மிதிச்சு நாலு நாள் ஓட்டு, அப்புறம் சத்தமில்லாம மாத்திக்கலாம்’னு. நான்தான் அவர் சும்மா சொல்றாருன்னு நினைச்சுட்டேன்.”

உள்ளே ஏதோ பாத்திரம் வைக்கிற சத்தம் நின்றது. ஓரகத்தி வெளியே வந்தாள். ஈரக் கையோடு, புருஷனைப் பார்க்காமல், இவளைப் பார்த்து நின்றாள்.

“அக்கா, அத்தை ஆஸ்பத்திரியில இருந்தப்ப உங்களைக் கூப்பிடச் சொன்னாங்க. ரெண்டு தடவை. ‘அவளை வரச் சொல்லு, ஒரு வார்த்தை பேசணும்’னாங்க.” ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். “நான்தான் கூப்பிடல. ‘சொல்லிட்டேன், அவங்க வரமாட்டேன்னுட்டாங்க’ன்னு அத்தைகிட்ட சொல்லிட்டேன். எங்க சோத்துல மண்ணைப் போட்டவங்கன்னு நினைச்சிட்டிருந்தேன். இவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா…”

அவள் ஓரகத்தியைத் திட்டவில்லை. என்ன சொல்லித் திட்டுவது? ‘வரமாட்டேன்னுட்டாங்க’ என்ற வார்த்தையைக் கேட்டுக்கொண்டு அந்தக் கட்டிலில் மாமியார் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள் என்பதைத்தான் நினைத்துக்கொண்டு படி இறங்கினாள். பின்னால் ஓரகத்தி புருஷனிடம் ஏதோ உரக்கக் கேட்கும் சத்தம் தெருமுனை வரை வந்தது.

பட்டறையில் கணவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். “எங்க போன, தொறந்து போட்டுட்டு?” என்றார்.

“அன்னைக்கு உங்க காலுக்கு இறங்குச்சா இல்லையா?”

எந்த நாள், எந்த வண்டி என்று அவர் கேட்கவில்லை. துணியை எடுத்தார். வைத்தார்.

“இறங்குச்சு,” என்றார்.

“பத்தொன்பது பிள்ளைங்க.”

“நாலு நாள்ல மாத்தியிருப்பேன்.”

“எதுக்கு மறைச்சீங்க?”

அவர் தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “தினம் தினம் எவனாவது வந்து, நீ சொன்னதுதான் சரின்னு சொல்லிட்டுப் போறான். நானும் வேற ஏறி உக்காந்து, அம்மா முன்னாடி, தம்பி முன்னாடி, அதையே சொல்லணுமா? அன்னைக்கு ஒரு நாள் வாய் வரல. அப்புறம் வரவே இல்ல.”

அவள் அழுவாள் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம், கத்துவாள் என்றாவது. அவள், “இதை எல்லார் முன்னாடியும் சொல்லணும். எந்த வாயால மறைச்சீங்களோ அந்த வாயால,” என்று மட்டும் சொன்னாள். சொல்கிற வரை அவரோடு ஒரு வார்த்தையும் பேசப்போவதில்லை என்றும் சொன்னாள். சொன்னபடியே இருந்தாள். நாற்பது நாள், ஸ்பேனர் நம்பரைக்கூட விரலால் காட்டினாள்.

நாற்பதாம் நாள் நாத்தனார் வீட்டில் ஒரு மதியச் சாப்பாடு. சொந்தம் எல்லாம் வந்திருந்தது. கொழுந்தனும் வந்திருந்தான், ஓரகத்தி வரவில்லை. சாப்பிட்டு முடித்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது கணவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். எழுந்து நிற்கவில்லை. உட்கார்ந்தபடியே, விரல் இல்லாத கையை மற்றக் கையால் மூடிக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னார். பெடல் இறங்கியதை, தான் மறைத்ததை, சாவி கொடுத்ததை, அவள் சொன்னது சரி என்பதை. ஒன்றையும் விடவில்லை. அந்த அளவுக்கு நேர்மையாகவே சொன்னார்.

அவள் கதவோரம் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒன்பது வருஷமாக இந்த ஒரு நிமிஷத்தை எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறாள். யாராவது எழுந்து வருவார்கள். யாராவது தலை குனிவார்கள்.

“அட, அதெல்லாம் பழைய கதை. இப்ப எதுக்குப்பா?” என்றார் பெரியப்பா முறை வேண்டும் ஒருவர்.

“அம்மாவே போயாச்சு. இனி யார் சரி, யார் தப்புன்னு பாத்து என்ன?” என்றாள் நாத்தனார். “காபிக்குச் சர்க்கரை போதுமா பாருங்க.”

கொழுந்தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சித்தப்பா மட்டும் அவள் பக்கம் திரும்பி, முகத்தில் உண்மையான அக்கறையோடு கையை ஆட்டிக் கூப்பிட்டார். அவள் கிட்டே போனாள்.

“அதை விடும்மா. என் வண்டி பிரேக் போட்டா ஒரு பக்கமா இழுக்குது. மழை பெஞ்சா ரொம்ப மோசம். என்னவா இருக்கும்?”

கூடம் பழையபடி பேச ஆரம்பித்திருந்தது. கணவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார், வேலை முடித்தவனின் முகத்தோடு. அவளுக்கு அந்த வீட்டை விட்டு, அந்தத் தெருவை விட்டு எங்காவது நடந்து போய்விட வேண்டும் போலிருந்தது. ஆனால் சித்தப்பா அந்த வண்டியில்தான் பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகிறார் என்பது அவளுக்குத் தெரியும்.

“எந்தப் பக்கம் இழுக்குது?” என்று கேட்டாள்.